ஸ்கேண்டலைஸ்: கொரிய மாணவர்களுக்கு இந்த ஆங்கில வினைச்சொல்லைச் சொல்லித்தரும் ஆசிரியர்களின் கேள்விகள்

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய நிறுவனங்களில் வேலை செய்பவர்களின் குடும்பங்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் தமிழ் ஆசிரியர்களுக்காகவும், இணையம் வழியே கொரிய மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர்களுக்காகவும் எழுதப்பட்ட பக்கம் இது. "ஸ்கேண்டலைஸ்" அன்றாடம் வாயில் வரும் சொல் அல்ல. ஆனால் நாவல், பத்திரிகைக் கட்டுரை, தேர்வில் வரும் நீண்ட வாசிப்புப் பகுதி என்று போனால் எதிரே வந்து நிற்கும். வந்தால் கொரிய மாணவர் அதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளத்தான் வாய்ப்பு அதிகம். ஏன் தலைகீழாக, எப்படி நிமிர்த்துவது என்பதுதான் கீழே இருப்பவற்றில் பெரும்பகுதி. ஆங்கில வாக்கியங்களையும் கொரியச் சொற்களையும் ஒலிப்படி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம்.

இந்தச் சொல்லின் பொருளை ஒரே வரியில் எப்படிச் சொல்வது?

ஒழுக்கம், அடக்கம், மரியாதை, மதம் இவற்றில் ஒன்றை மீறி, பார்ப்பவரை அதிரவைப்பது. தமிழில் "முகம் சுளிக்க வைத்தது" என்றால் போதாது, "அதிர்ச்சி அளித்தது" என்றால் மீறி விரிந்துவிடும். "இப்படியும் நடக்குமா என்று வாயில் கைவைக்க வைத்தது" என்பது நெருங்கி வருகிறது.

இரண்டு ஆட்கள் இல்லாமல் இந்த வினை நடக்காது. ஒருவர் செய்கிறார், இன்னொருவர் பார்த்தோ கேட்டோ அதிர்கிறார். வினைக்குப் பின்னால் வரும் செயப்படுபொருள், அதிர்ந்துபோன இரண்டாவது ஆள்தான். கொரிய மாணவர் தடுக்கி விழும் இடம் இதுவே.

கொரிய மாணவர்கள் ஏன் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்?

கொரிய மொழியில் "சுக்கெண்டுல்" என்ற கடன்சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால். அது ஆங்கில "ஸ்கேண்டல்" கொரிய வாய்க்குள் போய் உருமாறியது. ஆனால் அங்கே அதன் முதல் பொருள் நடிகர், பாடகர்களின் காதல் கிசுகிசு. அரசியல் ஊழல் என்றால் பெரும்பாலும் "பிரி" என்பார்கள், அல்லது ஆள்பெயரோடு, "வாட்டர்கேட்" என்பதில் வரும் "கேட்" என்பதை ஒட்டிவிடுவார்கள். "சுக்கெண்டுரி தொஜிதா" என்றால் விவகாரம் வெடித்தது என்று பொருள். யாருக்கு வெடித்தது? அந்த நடிகருக்கு. அதாவது கொரியனில் இந்தச் சொல் மாட்டிக்கொண்டவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆகவே "த சிங்கர் வாஸ் ஸ்கேண்டலைஸ்ட்" என்று படித்ததும், பாடகர் ஏதோ காதல் விவகாரத்தில் சிக்கினார் என்று மாணவர் எடுத்துக்கொள்கிறார். ஆங்கிலத்தில் அதற்கு நேர் எதிர்ப்பொருள்: வேறு யாரோ செய்ததைக் கண்டு பாடகர் அதிர்ந்துபோனார். இலக்கணம் சரி, உச்சரிப்பு சரி, புரிதல் மட்டும் கவிழ்ந்துவிட்டது. மாணவர் தயங்காமல் படித்துக்கொண்டே போவதால் ஆசிரியருக்கும் பிழை கண்ணில் படாது. நிறுத்தி, "அதிர்ச்சி அடைந்தது யார்?" என்று கேட்டால்தான் வெளியே வரும்.

"ஐஸ்" என்ற விகுதியை வைத்து விளக்கலாமா?

எச்சரிக்கையோடு. மாடர்னைஸ், லீகலைஸ் போன்ற சொற்களைக் கொரியப் பள்ளிகளில் "ஹ்வாஹாதா" என்ற பின்னொட்டோடு சேர்த்துப் படிக்கிறார்கள். அது நம் "மயமாக்கு", "ஆக்கு" மாதிரி. அந்தக் கணக்கில் ஸ்கேண்டலைஸ் என்றால் "ஒன்றை ஸ்கேண்டல் ஆக்கு" என்று ஆகிவிடும். இதுதான் இரண்டாவது பொறி. கடன்சொல் போட்ட முதல் பொறியோடு இதுவும் சேர்ந்தால் மாணவர் தன் புரிதலில் உறுதியாகிவிடுவார்.

விகுதி ஒன்றுதான், வேலை வேறு. டெரரைஸ், ட்ராமடைஸ் (ஆளை மனக்காயத்துக்கு ஆளாக்குவது) இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். டெரரைஸ் என்றால் ஆளைப் பயங்கரமாக மாற்றுவதல்ல, ஆளுக்குள் பயத்தை ஏற்றுவது. ஸ்கேண்டலைஸ் அந்தக் குடும்பத்துச் சொல். மாடர்னைஸோடு சேர்த்துப் பட்டியல் போடாதீர்கள்.

நேரான கொரியச் சொல் உண்டா?

ஒன்றே ஒன்று என்று கிடையாது. மூன்று சொற்கள் மூன்று பக்கத்திலிருந்து நெருங்கி வருகின்றன.

"ச்சுங்கியொகுல் ஜூதா" என்றால் அதிர்ச்சி கொடு. சொல் அட்டவணைகளில் இப்படித்தான் இருக்கும். பொருள் தவறில்லை, ஆனால் நிலநடுக்கம், விபத்து, பங்குச்சந்தைச் சரிவு எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும் என்பதால் ஒழுக்கம் என்ற அம்சம் காணாமல் போய்விடுகிறது.

"மூரிருல் இருக்கிதா" என்பது பொதுமக்களின் கண்டனத்தைக் கிளப்புவது. கொரியப் பிரபலங்கள் மன்னிப்புக் கேட்கும்போது வழக்கமாகச் சொல்லும் தொடர் இது. ஒழுக்கம் என்ற அம்சம் இதில் உண்டு. ஆனால் செயப்படுபொருள் "கண்டனம்" என்ற பெயர்ச்சொல்; அதிர்ந்தவர்கள் வாக்கியத்திலேயே இல்லை. அதனால்தான் இதை மொழிபெயர்க்கும் மாணவர் "ஐ ஆம் சாரி ஐ ஸ்கேண்டலைஸ்ட்" என்று எழுதி, யாரை என்று சொல்லாமல் நிறுத்திவிடுகிறார். மன்னிப்புக் கடிதத்துக்கு இந்த வினையே வேண்டாம். "ஐ அபாலஜைஸ் ஃபார் த டிரபிள் ஐ ஹேவ் காஸ்ட்" போதும்.

மூன்றாவதுதான் உண்மையில் உதவும்: "மங்ச்சுக்காதா". பார்க்கக் கூசும்படி இருப்பது, வெளியே சொல்ல முடியாதபடி இருப்பது. கொரியத் தொடர்களில் பாட்டிமார் பேரனின் அரைகுறை உடையைப் பார்த்து "அய்கோ, மங்ச்சுக்கெரா!" என்பார்கள். நம் ஊரில் "கர்மம், கர்மம்", "என்ன கண்றாவிடா இது" என்பதற்குப் பக்கத்தில் இருக்கிறது. இது பெயரடை, ஸ்கேண்டலைஸ் வினை. எனவே ஒன்றை ஒன்றால் மாற்றிப் போட முடியாது. ஆனால் மாணவருக்கு ஒரு சோதனை கிடைத்துவிடுகிறது: அந்தக் காட்சியில் "மங்ச்சுக்கெரா" என்று சொல்லக்கூடியவர் யார்? அவர்தான் ஸ்கேண்டலைஸுக்குப் பின்னால் வரவேண்டியவர். யாரும் அப்படிச் சொல்ல வாய்ப்பில்லையென்றால் அந்த வாக்கியத்துக்கு இந்த வினை தேவையில்லை.

இருபது வயது மாணவர்கள் இந்தச் சொல்லைத் தாங்களே சொல்லமாட்டார்கள். பாட்டி பேச்சு என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும், ஆங்கிலச் சொல்லுக்கும் அதே பழைய வாசனை உண்டு.

நல்ல எடுத்துக்காட்டு எது?

கொரிய வரலாற்றிலிருந்தே எடுங்கள். மேலைநாட்டு ஓவியக் கண்காட்சி, விக்டோரியா கால உடை என்று போனால் எடுத்துக்காட்டுக்கே தனி விளக்கம் தேவைப்படும்.

முதலிடம் 1895-க்கு. அந்த ஆண்டின் இறுதியில், கொரியாவை அப்போது ஆண்ட ஜொசொன் அரசு "தன்பல்லியொங்" என்ற ஆணையைப் பிறப்பித்தது. மணமான ஆண்கள் உச்சியில் முடிந்திருந்த குடுமியை வெட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஆணை. மன்னர் கொஜொங்கே தன் குடுமியை வெட்டிக்கொண்டார். கன்ஃபூசிய அறிஞர்களுக்கு இது முடி சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல. உடம்பும் முடியும் தோலும் பெற்றோர் தந்தவை, அவற்றுக்குக் கேடு வராமல் காப்பதே பெற்றோர் பக்தியின் தொடக்கம் என்பது அவர்கள் படித்து வளர்ந்த பாடம். தலையை வேண்டுமானால் வெட்டு, முடியை வெட்டவிடமாட்டேன் என்று ச்சே இக்-ஹியொன் என்ற அறிஞர் மறுத்தது கொரியப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இனி வாக்கியம்:

"த டாப்நாட் ஆர்டர் ஸ்கேண்டலைஸ்ட் கன்ஃபூஷியன் ஸ்காலர்ஸ்."

யார் அதிர்ந்தார்? அறிஞர்கள். எது அதிரவைத்தது? ஆணை. ஏன்? ஒழுக்கம் மீறப்பட்டது. மூன்றுக்கும் மாணவரே விடை சொல்லிவிடுவார்.

அதே ஆண்டு அக்டோபரில் அரசி மியொங்சொங் அரண்மனைக்குள்ளேயே கொல்லப்பட்டார். அதற்கு ஸ்கேண்டலைஸ் போடலாமா என்று கேளுங்கள். போட்டால் காதுக்கு மிக லேசாக, கிட்டத்தட்ட அவமரியாதையாக ஒலிக்கும். அங்கே ஹாரிஃபைட், அவுட்ரேஜ்ட் வேண்டும். 1896-இல் மக்கள் படை திரட்டிக் கிளம்பியபோது குடுமி ஆணையின் விளைவும் அவுட்ரேஜ் ஆகிவிட்டது என்று தொடரலாம். பக்கத்துப் பக்கத்து நிகழ்ச்சிகளை வைத்தே மூன்று சொற்களின் எடையையும் காட்டிவிட முடிகிறது.

இரண்டாவது எடுத்துக்காட்டு, கொரியப் பெண் ஓவியர் நா ஹ்யே-சொக். அவர் 1934-இல் தன் மணமுறிவைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் ஒரு பத்திரிகையில் எழுதினார். பெண்ணிடம் மட்டும் கற்பைக் கேட்கும் ஆண்களை நேருக்கு நேர் கேள்வி கேட்டார். "நா ஹ்யே-சொக் ஸ்கேண்டலைஸ்ட் ஹெர் ரீடர்ஸ்" என்பது சரி. "நா ஹ்யே-சொக் வாஸ் ஸ்கேண்டலைஸ்ட்" என்றால் கதையே மாறிவிடும். கொரியனில் அவர் பெயரோடு "சுக்கெண்டுல்" என்ற சொல் சேர்ந்தே வருவதால் மாணவர் இரண்டாவதைத்தான் முதலில் எழுதுவார். எழுதவிட்டுத் திருத்துங்கள்.

1960-களின் பிற்பகுதியில் வந்த மினி ஸ்கர்ட்டும் கைகொடுக்கும். 1970-களில் போலீஸ்காரர்கள் தெருவில் அளவுகோலை வைத்துப் பாவாடை உயரத்தை அளந்ததை வயதான மாணவர்களே விவரிப்பார்கள்.

இன்றைய பிரபலங்களின் விவகாரங்களை வைத்து வாக்கியம் அமைக்கலாமா?

தவிர்ப்பது நல்லது. கொரியக் குற்றவியல் சட்டத்தின் 307-ஆம் பிரிவின்படி, சொன்னது உண்மையாகவே இருந்தாலும் அது ஒருவர் பெயரைக் கெடுத்தால் அவதூறு வழக்கு வரலாம். பொதுநலனுக்காகச் சொன்ன உண்மைக்கு விலக்கு உண்டு. வகுப்பறைக் கிசுகிசுவை அதில் சேர்க்க முடியாது. வகுப்பில் யாரும் வழக்குப் போடப்போவதில்லை என்றாலும், பெயர் சொல்லிப் பேசச் சொன்னால் கொரிய மாணவர் சுருங்கிவிடுவார். இன்னொரு சிக்கல்: பிரபலம் என்றதும் மனம் "சுக்கெண்டுல்" பக்கம் ஓடும், எதை மறக்கவைக்கப் பார்க்கிறோமோ அதையே நினைவுபடுத்துவோம்.

இலக்கணத்தில் வழக்கமாக என்னென்ன பிழை வரும்?

நான்கு வரும். முதல் மூன்றுக்கும் காரணம் கொரிய வாக்கிய அமைப்பில் இருக்கிறது. அதில் பாதி தமிழிலும் இருப்பதால் நமக்குப் புரிவது எளிது.

முதலாவது, நடுவில் "டு" நுழைவது. "ஹிஸ் ஜோக் ஸ்கேண்டலைஸ்ட் டு ஹிஸ் ஆன்ட்ஸ்." கொரியனில் அத்தைமார் "எகெ" என்ற வேற்றுமை உருபை வாங்குவார்கள், தமிழில் "கு" வாங்குவதைப் போல: அத்தைகளுக்கு அதிர்ச்சி கொடுத்தது. அந்த "கு" ஆங்கிலத்தில் "டு" ஆகிக் குதித்துவிடுகிறது. "அத்தைகளை அதிரவைத்தது" என்று இரண்டாம் வேற்றுமையில் யோசிக்கப் பழக்குங்கள். கொரியனில் அதற்கு "ருல்" அல்லது "உல்" உருபு.

இரண்டாவது, "பி" வினை காணாமல் போவது. "ஐ ஸ்கேண்டலைஸ்ட் வென் ஐ ஹர்ட் இட்." கொரியனில் "நொல்லாதா", அதாவது ஆச்சரியப்படு, தானாக நடக்கும் வினை, செயப்பாட்டு வினை தேவையில்லை. "ஐ சர்ப்ரைஸ்ட்" என்ற பிரபலமான பிழை வருவதும் இங்கிருந்துதான். "சர்ப்ரைஸ்" சரியாக வருகிறதா என்று முதலில் பாருங்கள். அதுவே தவறினால் ஸ்கேண்டலைஸை இப்போது தொடாதீர்கள். அடித்தளம் இல்லாமல் மாடி கட்டவேண்டாம்.

மூன்றாவது, செயப்படுபொருளை விழுங்குவது. "ஹெர் ஸ்பீச் ஸ்கேண்டலைஸ்ட்." யார் என்பது சூழலிலேயே தெரிந்தால் கொரியனில் சொல்லவேண்டியதில்லை, தமிழிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் இந்த வினை யாரையாவது பிடித்துக்கொள்ளாமல் நிற்காது. ஆள் தெளிவில்லையென்றால் "பீப்பிள்", "த டவுன்", "எவ்ரிஒன்" ஏதாவது ஒன்றை வைக்கலாம்.

நான்காவது, "இங்" வடிவம். "இட் இஸ் எ ஸ்கேண்டலைஸிங் மூவி" என்று எழுதுவார்கள், ஏனென்றால் ஷாக்கிங், சர்ப்ரைஸிங் என்று பழகியிருக்கிறார்கள். புரியும், ஆனால் பெயரடை இடத்தில் ஆங்கிலம் "ஸ்கேண்டலஸ்" என்பதைத்தான் விரும்புகிறது. வினையாகவே வந்தால் "இங்" பிரச்சினை இல்லை: "ஹி என்ஜாய்ட் ஸ்கேண்டலைஸிங் ஹிஸ் அங்கிள்ஸ்."

செயப்பாட்டு வடிவத்துக்குப் பிறகு எந்த முன்னிடைச் சொல்?

"பை" அல்லது "அட்". இரண்டும் சரி, மாணவருக்கு "பை" ஒன்று போதும். "தட்" வைத்து முழு வாக்கியம் தொடரலாம். "டு ஹியர்", "டு லேர்ன்", "டு ஃபைண்ட்" மூன்றும் அதிகம் வரும்: "தே வேர் ஸ்கேண்டலைஸ்ட் டு லேர்ன் தட் த பிரீஸ்ட் கேம்பிள்ட்." இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடமாகச் சொல்லவைப்பது பத்து விதிகளைவிடப் பயன்தரும்.

உச்சரிப்பில் எதைத் திருத்த வேண்டும், எந்த வரிசையில்?

கொரிய எழுத்தில் எழுதினால் இந்தச் சொல்லுக்கு ஆறு அசை: சு, கென், டுல், லா, இ, ஜு. ஆங்கிலத்தில் மூன்றுதான். எனவே முதலில் அசை எண்ணிக்கை, பிறகுதான் தனித்தனி ஒலிகள்.

மேசையில் மூன்று தட்டு தட்டச் சொல்லுங்கள். முதல் தட்டு பலமாக, அடுத்தது மெல்ல, கடைசி நடுத்தரமாக. சியோல் வழக்கில் சொல்லழுத்தம் கிடையாது என்பதால் மூன்றும் ஒரே பலத்தில் விழும். முதல் தட்டில் மட்டும் குரலை உயர்த்தி நீட்டினாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்து தொடக்கம். "ஸ்" ஒலிக்குப் பின் கொரியர் ஓர் உகரம் போன்ற ஒலியைச் சேர்ப்பார். நம் ஊரில் முன்னால் இகரம் சேர்த்து "இஸ்கூல்" என்பதைப் போல அது அவர்கள் வழி. மருந்து: "ஸ்ஸ்ஸ்" என்று 2 விநாடி காற்றை மட்டும் விட்டு, அப்படியே "க"-வுக்குத் தாவுவது. இதில் அந்தக் "க" முக்கியம். கொரிய எழுத்தில் காற்றோடு வெடிக்கும் "க்ஹ" போட்டிருக்கும். ஆங்கிலத்தில் "ஸ்" ஒலிக்குப் பின்னால் வரும் "க" காற்றில்லாதது. கொரியர்களுக்கு "க்க" என்ற இறுகிய ஒலி தனி எழுத்தாகவே உண்டு. அதைப் போடச் சொன்னால் உடனே சரியாகிறது. வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துப் பாருங்கள், ஆடக்கூடாது. நம் தமிழ்க் "க" பிறப்பிலேயே காற்றில்லாதது என்பதால் ஆசிரியரின் வாயே நல்ல மாதிரி.

உயிரொலி: "பேன்", "பென்" இரண்டுக்கும் இளைய தலைமுறைக் கொரியர்கள் ஒரே ஒலியைத்தான் போடுகிறார்கள். கீழ்த்தாடையை ஒரு விரல் கூடுதலாக இறக்கச் சொல்லுங்கள்.

நடு அசையில் எழுத்தைப் பார்த்துப் படிப்பவர்கள் "டால்" என்று நீட்டிவிடுவார்கள். அது நொடியில் மறையும் மெல்லொலி. அந்த அசையில் மட்டும், அவர்கள் கடன்சொல்லில் இருக்கும் "டுல்" சரியான ஒலிக்கு நெருக்கம். "ட" ஒலியை முழுதாக விழுங்கினால் இன்னொரு வினோதம் நடக்கலாம்: கொரியனில் "ன"-வும் "ல"-வும் சந்தித்தால் இரண்டுமே "ல்ல" ஆகிவிடும். பழைய கொரிய அரசு ஒன்றின் பெயரை ஷின்லா என்று எழுதி ஷில்லா என்று படிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் ஸ்கேன்லைஸ் "ஸ்கெல்லைஸ்" ஆகிவிடும்.

கடைசியில் "ஸெட்" ஒலி. கொரியனில் அது இல்லை, "ஜ" போட்டு முடிப்பார்கள். தமிழிலும் இல்லை, நாம் "ஸ" போட்டு முடிப்போம். இங்கே ஆசிரியரும் கொஞ்சம் பயிற்சி செய்யத்தான் வேண்டும். கழுத்தில் விரலை வைத்து "ஸ்ஸ்ஸ்" என்று இழுத்து, நாக்கை அசைக்காமல் குரலை மட்டும் சேர்த்தால் விரலில் அதிர்வு தெரியும். "ஜ" வருகிறதென்றால் நாக்கு மேலே போய் ஒட்டுகிறது என்று பொருள். இறந்தகாலத்தில் அதோடு "ட்" சேரும்போது அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்குவதாக வாக்கியம் கொடுங்கள். "ஸ்கேண்டலைஸ்ட் எவ்ரிஒன்" என்றால் அந்த "ட்" அடுத்த சொல்லுக்குத் தாவிக்கொள்ளும், இடையில் உகரம் நுழைய இடமிருக்காது.

ஷாக், அஃபெண்ட், அவுட்ரேஜ், அப்பால்: எங்கே எது?

ஷாக் எதற்கும் போகும். அஃபெண்ட் என்றால் ஒருவர் மனம் புண்பட்டது; அவமதிப்பு அவரைக் குறிவைத்ததாக உணர்கிறார். அவுட்ரேஜ் கோபம், செயலில் இறங்கும் அளவுக்கு. அப்பால் என்பதில் கனம் உண்டு. கொடுமையைக் கண்டு உறைவது. ஸ்கேண்டலைஸ் நடத்தை விதி மீறப்பட்ட இடத்தில் மட்டும்: பாலியல், பணம், மதம், உடை, மேசை நாகரிகம்.

கொரிய அகராதிகளில் இந்தச் சொல்லுக்குக் கொடுக்கப்படும் "பூன்கெ" போன்ற விளக்கங்கள் கொதிப்பைக் குறிப்பவை. அதைப் பார்த்து மாணவர் போர்ச் செய்திக்கும் பேரிடருக்கும் இதைப் போட்டுவிடுகிறார்.

"ஐ வாஸ் ஸ்கேண்டலைஸ்ட்" என்று தன்னைப் பற்றியே சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் தொனி தெரிந்து. இன்றைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லில் பாதி நேரம் ஒரு நமட்டுச் சிரிப்பு ஒளிந்திருக்கிறது. "மை கிராண்ட்மதர் வாஸ் ஸ்கேண்டலைஸ்ட்" என்று எழுதுபவர், பாட்டி அதிர்ந்ததைச் சொல்வதோடு, அதற்கெல்லாமா அதிர்வது என்றும் கண்சிமிட்டுகிறார். நாவலாசிரியர்கள் ஊர்ப்பெரியவர்களை இந்தச் சொல்லால் குறிப்பிடும்போது அவர்கள் பக்கம் நிற்பதில்லை. ஆகவே தன்னைப் பற்றி விளையாட்டாகச் சொன்னால் நன்றாக இருக்கும்: நண்பர் ராம்யொன் நூடுல்ஸைக் கிம்ச்சி இல்லாமல் சாப்பிட்டதைப் பார்த்து "ஐ ஆம் ஸ்கேண்டலைஸ்ட்!" என்றால் எல்லோரும் சிரிப்பார்கள். மேலதிகாரிக்குப் புகார் எழுதும்போது போட்டால், எழுதியவர்தான் கட்டுப்பெட்டி என்று ஆகிவிடும்.

இந்த நமட்டுச் சிரிப்பை அகராதி காட்டாது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று மனப்பாடம் செய்யும் கொரியச் சொல்லேடுகளிலும் கிடைக்காது. வாசிப்புப் பகுதியில் வரும்போதெல்லாம் "எழுதியவர் யார் பக்கம்?" என்று கேட்பது ஒன்றே வழி.

இந்தியப் பத்திரிகைகளில் "ஸ்கேண்டலைஸிங் த கோர்ட்" என்று வருகிறதே, அதுவும் இதே பொருளா?

இல்லை. தமிழ் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தில் குற்ற அவமதிப்பின் வரையறையில் இந்தச் சொல் இருக்கிறது. அங்கே பொருள் நீதிமன்றத்தின் பெயரைக் கெடுப்பது, அதன் அதிகாரத்தைத் தாழ்த்துவது. அதாவது நீதிபதி அதிர்ந்தாரா இல்லையா என்பது கேள்வியே அல்ல. பெயரைக் கெடு என்ற இந்தப் பழைய பொருள் பொது ஆங்கிலத்தில் வழக்கொழிந்து, சட்டத்தில் மட்டும் தங்கிவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தக் குற்றத்தையே 2013-இல் நீக்கிவிட்டார்கள். நம் காதுக்குப் பழகியது இதுதான் என்பதால், கொரிய மாணவரின் தவறான புரிதலுக்கு நாமே தலையாட்டிவிடும் ஆபத்து உண்டு.

கிறிஸ்தவ மாணவர்கள் பைபிளில் வேறு பொருள் இருப்பதாகச் சொல்கிறார்களே?

சரியாகத்தான் சொல்கிறார்கள். மூலம் கிரேக்கச் சொல் "ஸ்கண்டலொன்": பொறி, இடறவைக்கும் கல். மத்தேயு 18:6-இல் சிறியவர்களில் ஒருவனை இடறவைப்பவனைப் பற்றிய வரியில் அந்த வினை வருகிறது. தமிழ் பைபிளில் "இடறல் உண்டாக்குகிறவன்", கொரிய பைபிளில் "ஷில்ஜொக்" என்ற சொல், அதாவது கால் தவறுவது. இரு மொழியும் மூலத்தின் காலடிப் படிமத்தைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. பாதிப்பு பார்ப்பவருக்கு என்ற அம்சம் அங்கேயும் அப்படியே இருப்பதால், தேவாலயம் போகும் மாணவருக்கு இதையே கொக்கியாக மாட்டலாம். மற்றவர்களுக்கு இந்த வரலாறு தேவையில்லை.

எழுத்தில் "எஸ்" போடுவதா, "ஸெட்" போடுவதா?

கொரியப் பள்ளிகளில் அமெரிக்க முறை. ஸெட். இந்திய வழக்கப்படி எஸ் போட்டு எழுதினால் மாணவர் குழம்புவார்.

பாய்மரக் கப்பல் பற்றிய பொருள் ஒன்று அகராதியில் இருக்கிறதே?

பாயின் பரப்பைக் குறைப்பது. அது வேறு வேரிலிருந்து வந்து உருவம் மாறி இப்படி ஆனது. விட்டுவிடுங்கள்.

40 நிமிட வகுப்பில் இதை எப்படிப் பிரிப்பது?

முதல் 5 நிமிடம் விளக்கம் எதுவும் வேண்டாம். "சுக்கெண்டுல்" என்றால் நினைவுக்கு வரும் மூன்று விஷயங்களை மாணவரே சொல்லட்டும். அவற்றைத் தாளின் இடப்பக்கம் எழுதி, மேலே "செய்தவர்" என்று தலைப்பிடுங்கள். வலப்பக்கம் "பார்த்தவர்" என்று காலியாக விடுங்கள். அடுத்த 10 நிமிடம் குடுமி ஆணை: மாணவரே ஆங்கிலத்தில் கதையைச் சொல்லட்டும், அறிஞர்களை வலப்பக்கம் எழுதவைத்து, இடமிருந்து வலமாக ஓர் அம்பு போட்டு அதன்மேல் வினையை எழுதுங்கள். சொல் முதன்முதலாக இப்போதுதான் வரவேண்டும். 8 நிமிடம் உச்சரிப்பு, மேலே சொன்ன வரிசையில். 7 நிமிடம் செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுவது. ஆறு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். மீதி 10 நிமிடம் கீழே உள்ள சோதனை.

தொடக்க நிலை மாணவருக்கு இது வேண்டாத வேலை. ஷாக்ட், சர்ப்ரைஸ்ட், எம்பாரஸ்ட் மூன்றும் தடுமாறாமல் வரும் நிலைக்குப் பிறகு எடுங்கள்.

சோதனை வாக்கியங்கள் தரமுடியுமா?

ஆறு தருகிறோம். மாணவர் ஒவ்வொன்றையும் சரி, தவறு என்று மட்டும் சொல்லாமல், அதிர்ந்தது யார் என்றும் சொல்லவேண்டும்.

"த ஆக்டர் வாஸ் ஸ்கேண்டலைஸ்ட் பிகாஸ் ஹி டேட்டட் எ மேரீட் உமன்." தவறு. நடிகர் செய்தவர், பார்த்தவர் அல்ல. "வாஸ் காட் அப் இன் எ ஸ்கேண்டல்" என்று மாற்றவேண்டும்.

"ஹெர் டாட்டூ ஸ்கேண்டலைஸ்ட் டு ஹெர் இன்-லாஸ்." "டு" போகட்டும், மற்றது சரி.

"வி வேர் ஸ்கேண்டலைஸ்ட் பை த எர்த்க்வேக்." நிலநடுக்கம் ஒழுக்கம் தவறாது. ஷாக்ட் போடவேண்டும்.

"ஐ ஸ்கேண்டலைஸ்ட் வென் ஐ சா த பில்." "வாஸ்" சேர்க்கவேண்டும். உணவக ரசீது ஒழுக்கப் பிரச்சினையா என்று மாணவர் கேட்டால் நல்ல கேள்வி: கொள்ளை விலை என்று விளையாட்டாகச் சொல்லும் தொனியில் பொருந்தும்.

"தே வேர் ஸ்கேண்டலைஸ்ட் தட் ஹி ஸ்மோக்ட் இன் ஃப்ரண்ட் ஆஃப் ஹிஸ் ஃபாதர்-இன்-லா." முழுக்கச் சரி. பெரியவர்கள் முன் புகைப்பது கொரியாவிலும் மரியாதைக்கேடு என்பதால் மாணவர் உடனே தலையாட்டுவார்.

"த நியூஸ்பேப்பர் ஸ்கேண்டலைஸ்ட் த மினிஸ்டர்." இதை வேண்டுமென்றே கடைசியில் வைத்திருக்கிறோம். இலக்கணப்படி பிழையில்லை. பத்திரிகை வெளியிட்ட ஏதோ ஒன்றைப் பார்த்து அமைச்சர் அதிர்ந்துபோனார் என்றால் சரி. அமைச்சரின் ஊழலைப் பத்திரிகை அம்பலப்படுத்தியது என்று மாணவர் சொன்னால், "எக்ஸ்போஸ்ட்" என்ற சொல்லைக் கொடுத்துவிட்டு, இடப்பக்கம் வலப்பக்கம் தாளை மறுபடி எடுங்கள்.